தோட்டத்துச் சிறாரும் பிறமொழி வகுப்பும்

குழந்தையொன்று முதன்முதலாகப் பள்ளிக்கூட வாயிலிற் காலடி வைக்கும் நாள் அதன் வாழ்வில் ஒரு பெருநாளாகும். வீட்டையும் தாயையும் பிரிந்து புதியதோர் உலகினுட் புகும் அக்குழந்தையுடன் துணையாகச் செல்வது ஒன்றேயாம். அது தான் பேசிப் பழகிய மொழி. அம்மொழியும் வாயிலிலேயே நின்றுவிடுமாயின் அக்குழந்தையின் நிலை யாதாகும்? சப்பிரகமுவா மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தேயிலை, றப்பர்த் தோட்டங்களிற் பிறந்து, சிங்கள மொழி மூலம் கல்வி பயிலப் புகும் தமிழ்ச் சிறார் பலர்க்கு இந்நிலையே நேர்கின்றது. இச்சிறார்க்குப் பெற்றோரும் ஆசிரியரும் எங்ஙனம் துணைபுரியலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நிலை தோன்றியதற்கான காரணங்களை முதற்கண் நோக்குதல் வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பரந்து கிடக்கின்றன. அங்கே தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். சப்பிரகமுவாவின் நிலை வேறு. தெரணியகலை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, காவத்தை, பெல்மதுளை, இறக்குவானை முதலிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே சிதறிக் கிடக்கின்றன. இரத்தினபுரி மாவட்டத்து மக்களுள் தமிழர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர். கேகாலையில் அதனினும் குறைவு. ஒரு தோட்டத்திற்குச் சில லயன்களே இருக்குமிடத்து அங்கே முழுநிறைவான தமிழ்ப் பாடசாலை ஒன்று அமைதல் அரிதாயிற்று.

தோட்டப் பாடசாலைகளின் வரலாறும் இதற்கு உடந்தையாயிற்று. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டச் சிறாரின் கல்விக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. எனினும் அப்பாடசாலைகளுட் பல ஓராசிரியர் பாடசாலைகளாய், ஐந்தாம் வகுப்புக்கு மேற்படாதனவாய் நெடுங்காலம் இருந்தன. 1945இல் இலவசக் கல்வி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோதும் அதன் பயன் தோட்டத்தைச் செவ்வையாகச் சென்றடையவில்லை. 1970களின் பிற்பகுதியிலேயே தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. அதற்கிடையில் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டின் இந்திய இலங்கை ஒப்பந்தமும் பல குடும்பங்களை நிலைகுலையச் செய்தன. 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த வன்செயல்கள் இப்பகுதித் தோட்ட மக்களையும் தாக்கின. அச்சமும் வறுமையும் நிலவிய சூழலில், தம் மொழியை உரக்கப் பேசுதற்கே கூசியவர்கள் உளராயினர்.

ஆதலின், அருகிலுள்ள சிங்களப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரைக் குறைகூறுதல் தகாது. தமிழ் வித்தியாலயம் பல கல் தொலைவில் இருக்கலாம். பேருந்து வசதி இல்லாதிருக்கலாம். மேல்வகுப்புகளிற் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க அங்கே ஆசிரியர் இல்லாதிருக்கலாம். சிங்களம் கற்றாற் கடையிலும் கச்சேரியிலும் வைத்தியசாலையிலும் பிள்ளை தலைநிமிர்ந்து நிற்கும் என்று தாய் எண்ணுகின்றாள். அவள் எண்ணம் பிழையன்று. ஆயின், பிறமொழி வகுப்பிற் பிள்ளையைச் சேர்த்துவிடுதல் ஒன்று. அவ்வகுப்பிற் பிள்ளை கற்குமாறு செய்தல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தை உணராமையே தீங்கிற்கு வித்தாகின்றது.

ஒரு பிள்ளையை மனக்கண்முன் கொண்டுவருவோம். வயது ஆறு. விடியுமுன் தந்தை றப்பர்ப் பால் வெட்டச் செல்கின்றார்; தாய் கொழுந்தெடுக்கச் செல்கின்றாள். பாட்டி தலைவாரிவிட, வெள்ளைச் சீருடை அணிந்து அப்பெண்பிள்ளை கிராமத்துப் பாடசாலைக்குச் செல்கின்றாள். ஆசிரியை அன்பானவர். பிள்ளை எழுத்துகளை அழகாக எழுதுகின்றாள். பாட்டுகளைச் சேர்ந்து பாடுகின்றாள். புத்தகத்தைப் பிழையின்றி வாசிக்கின்றாள். அவள் நன்றாகப் படிக்கின்றாள் என்று யாவரும் மகிழ்கின்றனர். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு எனச் செல்லச் செல்ல அவள் புள்ளிகள் குறைகின்றன. வாசித்த கதையின் பொருளைக் கேட்டால் விழிக்கின்றாள். ஆசிரியை தாயை அழைத்து, 'வீட்டிலும் சிங்களம் பேசுங்கள்' என்று நல்லெண்ணத்துடன் கூறுகின்றார். தாய்க்குத் தெரிந்த சிங்களம் சந்தைச் சிங்களம். அன்று முதல் அவ்வீட்டிற் பேச்சுக் குறைகின்றது. இக்கதையில் தீயோர் எவருமிலர். எனினும் ஒரு பிள்ளையின் கல்வி நலிகின்றது. தவறு எங்கே நேர்ந்தது?

விடை காணுமுன், பிறநாட்டு அனுபவம் ஒன்றை நோக்குதல் பயன்தரும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மொன்றியல் நகரை அடுத்த சென் லம்பேட் என்னும் ஊரில், 1965ஆம் ஆண்டு ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் தம் குழந்தைகளை முற்றாகப் பிரெஞ்சு மொழியிலேயே கற்பிக்கும் பாலர் வகுப்பொன்றை முயன்று தொடங்குவித்தனர். மக்கில் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வோலஸ் லாம்பேட்டும் அவர்தம் துணைவரும் அப்பிள்ளைகளை ஆண்டுதோறும் சோதித்து, முடிவுகளை 1972இல் நூலாக வெளியிட்டனர். பிள்ளைகள் பிரெஞ்சு மொழியிற் சிறந்த தேர்ச்சி பெற்றனர், கணிதத்திற் பின்தங்கவில்லை, ஆங்கிலத்தையும் இழக்கவில்லை. இதனைப் பின்பற்றி 1971இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக் கல்வர் நகரில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு ஸ்பானிய மொழியிற் கற்பிக்கும் வகுப்புத் தொடங்கிற்று. அதுவும் நற்பயன் அளித்தது. இம்முறையை மொழிமுழுக்கு எனலாம். நீரில் முழுகி எழுவார் போலப் பிள்ளை புதுமொழியில் முழுகி எழுகின்றது.

இதனைக் கேட்போர், 'அங்கே ஆங்கிலப் பிள்ளை ஸ்பானிய வகுப்பில் நன்கு கற்குமாயின், இங்கே தமிழ்ப் பிள்ளை சிங்கள வகுப்பிற் கற்றற்குத் தடை யாது?' என வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயின் இரு வகுப்புகளும் புறத்தே ஒத்தனபோலத் தோன்றினும் அகத்தே வேறுபட்டன. முழுக்கு வேறு, அமிழ்ச்சி வேறு.

முழுக்கு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் புதுமொழி அறியாதவராகவே தொடங்குகின்றனர். ஆதலின் ஆசிரியர் தம் பேச்சை எளிதாக்கிப் படத்தாலும் சைகையாலும் பொருளுணர்த்துகின்றார். அமிழ்ச்சி வகுப்பிலோ முப்பது பிள்ளைகள் அம்மொழியைத் தாய்மொழியாக உடையவர்; இரண்டொருவரே அறியாதவர். பாடம் முப்பதின்மரின் வேகத்திற் செல்லும். அங்கே ஆசிரியர்க்குப் பிள்ளையின் மொழியும் தெரியும். பிள்ளை தன்மொழியில் வினவினாலும் அவர் விளங்கிக்கொள்வார். இங்கே பெரும்பாலும் அவ்வாறில்லை. சென் லம்பேட்டில் இரண்டாம் வகுப்பு முதல் ஆங்கிலம் தனிப்பாடமாகக் கற்பிக்கப்பட்டது. வீட்டிலும் வீதியிலும் வானொலியிலும் அம்மொழி மதிப்புடன் விளங்கிற்று. ஆகவே புதுமொழி பழைய மொழியின்மேற் கூடிய செல்வமாயிற்று. தோட்டப் பிள்ளைக்கோ தாய்மொழி எழுத்து வடிவிற் கிடைப்பதில்லை. ஒன்று வருமிடத்து மற்றொன்று போகின்றது. கலிபோர்னியாவிலேயே இவ்விரு நிலைகளும் அருகருகே காணப்பட்டன. 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகளின் வழக்கில், விளங்காத மொழியில் ஒரே புத்தகத்தையும் ஒரே ஆசிரியரையும் அளித்துவிடுதல் சமவாய்ப்பு ஆகாது எனத் தீர்ப்பளித்தது.

எனவே நாம் செய்யத்தக்கது யாது? சிங்கள வகுப்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு இயன்றவரை முழுக்கு வகுப்பாக்குதல். முழுக்கு வகுப்பின் வெற்றிக்கு அடிப்படையாயிருந்த துணைகளுள் எவை நம் கைக்கு எட்டுவனவோ அவற்றை நாமே தேடியளித்தல் வேண்டும். அவற்றுள் தலையாயது, வீட்டுமொழி தளராது வளர்தல்.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள, பேச்சுமொழித் திறனும் கல்விமொழித் திறனும் வேறுவேறு என்பதை உணர்தல் வேண்டும். கனடா நாட்டுக் கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்தினார். புதுமொழி பேசும் நாட்டிற் குடியேறிய பிள்ளைகள் ஏறத்தாழ ஈராண்டில் விளையாட்டிடத்துப் பேச்சைக் கைவரப்பெறுவர். ஆயின் பாடநூலின் மொழியிற் சகமாணவரை எட்டுதற்கு ஐந்து முதல் ஏழாண்டு வரை செல்லும் என்பது அவர் ஆய்வுகளிற் புலப்பட்டது. விளையாட்டிடத்தில் முகமும் கையும் சூழலும் பொருளைக் காட்டிக் கொடுக்கும். நூலிற் சொல் ஒன்றே துணை. 'ஏன்', 'எவ்வாறு', 'ஆகையால்', 'எனினும்' என்பன போன்ற சொற்களாற் கருத்துகளை இணைக்கும் ஆற்றல் நெடுநாட் பயிற்சியால் வருவது.

சிங்களத்தைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு மேலும் பெரிது. தமிழைப் போலவே சிங்களத்திலும் பேச்சுவழக்கு வேறு, எழுத்துவழக்கு வேறு. பேச்சிற் 'மம யனவா' என்றால் நான் போகிறேன், 'அபி யனவா' என்றால் நாங்கள் போகிறோம், வினைச்சொல் மாறுவதில்லை. எழுத்துவழக்கிலோ 'மம யமி', 'அபி யமு' என வினை எழுவாய்க்கேற்ப மாறும். கடைவீதியிற் சரளமாகப் பேசும் தோட்டப் பிள்ளை நூலைத் திறந்தவுடன் திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 'நன்றாகத்தானே சிங்களம் பேசுகின்றான், பின் ஏன் படிப்பு வரவில்லை? மந்தபுத்திபோலும்' எனப் பெரியோர் கூறுவது இவ்வேறுபாட்டை அறியாமையினாலாகும்.

இங்கே ஒரு சிறு கணக்கும் சிந்தித்தற்குரியது. பிள்ளை ஐந்து வயது கடந்து முதலாம் வகுப்பிற் சேர்கின்றது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை ஐந்தாம் ஆண்டில் வருகின்றது. கல்விமொழி கைவர ஐந்து முதல் ஏழாண்டு செல்லுமாயின், மொழி முற்றுமுன்னரே பரீட்சை வந்துவிடுகின்றது. அப்பரீட்சையிற் குறைந்த புள்ளி பெற்றதைக் கொண்டு, 'இப்பிள்ளைக்குப் படிப்பு ஏறாது. தோட்ட வேலைக்கே ஏற்றது' எனத் தீர்மானித்தல் எத்துணை அநீதி! முற்றாத கதிரை அறுத்துவிட்டு விளைச்சல் இல்லையென்பது போன்றதே அது. கம்மின்ஸ் கண்ட ஆண்டுக்கணக்கு கனடாவிற் குடியேறிய பிள்ளைகளைப் பற்றியதாயினும், பொறுமை வேண்டும் என்னும் பாடம் நமக்கும் உரியதே.

இனி, 'வீட்டிலும் சிங்களம் பேசுங்கள்' என்னும் அறிவுரையை ஆராய்வோம். இவ்வறிவுரை நன்மைபோலத் தோன்றித் தீமை பயப்பது. மொழி என்பது சொற்குவியல் மாத்திரமன்று. சிந்தனை நடைபயிலும் பாதை. பாட்டி சொல்லும் கதையில் முன்னது இது, பின்னது இது, இதனால் இது நேர்ந்தது என்னும் தொடர்பைப் பிள்ளை கற்கின்றது. தாய் சமைக்கும்போது அளவையும் ஒப்புமையையும் கற்கின்றது. தந்தையுடன் வாதாடும்போது காரணங்காட்டக் கற்கின்றது. இவற்றை ஒருமொழியில் ஆழமாகக் கற்ற பிள்ளைக்கு, மற்றைமொழியிற் புதுச்சொற்களைக் கற்பதே வேலை. கருத்தைப் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை. குறைமொழி பேசும் பெற்றோர் அக்குறைமொழியிலேயே பிள்ளையுடன் பேசத் தொடங்கினால், பேச்சு 'வா', 'போ', 'சாப்பிடு' என்ற அளவிற் சுருங்கிவிடும். அப்போது சிங்களமும் வளராது, தமிழும் வளராது. அதனினும் பெருந்துயர், பிள்ளை பதினைந்து வயதில் தன் மனத்துயரை உரைக்கத் தாயிடம் வருமிடத்து, இருவர்க்கும் பொதுவான ஆழ்ந்த மொழி ஒன்று இல்லாதொழிவதாம்.

1953இல் யுனெஸ்கோ நிறுவனம் வெளியிட்ட அறிக்கையும் தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே சிறந்தது என வலியுறுத்திற்று. நம் நாட்டிலும் 1943ஆம் ஆண்டின் விசேட கல்விக் குழு அறிக்கை அக்கொள்கையையே மேற்கொண்டது. வகுப்பறையில் அவ்வாய்ப்பு இல்லாத பிள்ளைக்கு, வீடேனும் அதனை அளித்தல் வேண்டுமன்றோ?

தமிழிற் பயிற்சி அளித்தாற் சிங்களத்திற் குழப்பம் நேரும் என அஞ்சுவோர் உளர். உண்மை அதற்கு மாறானது. இரு மொழிகளும் வேறு குடும்பத்தன ஆயினும், நூற்றாண்டுகள் அருகருகே வாழ்ந்தமையால் அவற்றிடைப் பெரிதும் ஒற்றுமை உளது. எழுவாய் முதலிலும் பயனிலை இறுதியிலும் நிற்கும் வாக்கிய அமைப்பு இரண்டிற்கும் பொது. மேலே காட்டிய எழுத்துவழக்கு வினைத்திரிபும், போகிறேன், போகிறோம் எனப் பேசும் தமிழ்ப் பிள்ளைக்குப் புதியதன்று. அவ்வொப்புமையை எடுத்துக்காட்டுவார் இருந்தால் அது விரைவிற் பற்றிக்கொள்ளும். எழுத்துமுறையும் அத்தகையதே. இரண்டும் பிராமி எழுத்தின் வழிவந்தன. தமிழில் 'கெ' என்னும் எழுத்தின் முன்னே நிற்கும் கொம்பைச் சிங்களத்தாரும் 'கொம்புவ' என்றே வழங்குவர். எழுதும்போது முன்னும் ஒலிக்கும்போது பின்னும் வரும் அதன் இயல்பு இரு மொழியிலும் ஒன்றே. 'கொ' என எழுதுமிடத்து மெய்யின் இருமருங்கும் குறி வருதலும் அவ்வாறே. ஒன்றிற் கற்ற நுட்பம் மற்றொன்றிற் கூலியின்றி உழைக்கும்.

சொற்களிலும் இவ்வுறவு காணலாம். பாடசாலை என்பது 'பாசல' எனவும், கணிதம் 'கணிதய' எனவும், வாக்கியம் 'வாக்யய' எனவும், சங்கீதம் 'சங்கீதய' எனவும் சிங்களத்தில் வழங்கும். இச்சொற்களைத் தமிழில் அறிந்த பிள்ளைக்குச் சிங்களப் பாடநூலின் அருஞ்சொற்கள் பல பாதி தெரிந்தனவாகும். ஆயின் தமிழை வீட்டுப்பேச்சளவில் மட்டும் அறிந்த பிள்ளைக்கு இவ்வுதவி கிட்டாது. ஏனெனில் இவை நூல்வழிச் சொற்கள். தமிழ் வாசிப்பும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். சிற்சில சொற்கள் ஏமாற்றுவனவும் உள. 'இதிஹாசய' என்பது சிங்களப் பாடசாலையில் வரலாற்றுப் பாடத்தின் பெயர். தமிழில் இதிகாசம் என்றால் இராமாயணமும் பாரதமும். இத்தகைய இடங்களை எச்சரித்து உணர்த்துதல் ஆசிரியர் கடன்.

வேற்றுமைகளையும் அறிந்திருத்தல் நன்று. தமிழிற் ககரம் ஒன்றே வல்லோசையும் மெல்லோசையும் பெறும். சிங்களத்தில் அவ்வோசைகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உள. மலையைக் குறிக்கும் சொல்லையும் மரத்தின் அடியைக் குறிக்கும் சொல்லையும் நாம் நம் எழுத்திற் 'கந்த' என ஒன்றாகவே எழுதுவோம். சிங்களத்தில் முன்னதன் மூக்கொலி முழுதாகவும் பின்னதன் மூக்கொலி குறுகியும் ஒலிக்க, எழுத்தும் வேறுபடும். அகரத்திற்கும் எகரத்திற்கும் இடைப்பட்டதோர் உயிரொலியும் அங்கே உண்டு. இவற்றிற் பிழைவிடும் தமிழ்ப் பிள்ளை கவனமற்றதன்று. அதன் செவி இன்னும் பழகவில்லை. மறுபுறம், இருவகை னகர லகரங்களைச் சிங்களத்தில் எழுத்தில் வேறுபடுத்தினும் இக்காலப் பேச்சில் வேறுபடுத்துவதில்லை. அங்கே சிங்களப் பிள்ளைகளும் இடர்ப்படுகின்றனர். அப்பிழையைத் தமிழ்ப் பிள்ளை செய்யும்போது மட்டும் மொழியறியாமை எனக் கொள்ளலாகாது.

இனி வீட்டிற் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுவாம். முதலாவது, பெற்றோர் தமக்கு நன்கு வரும் மொழியிலேயே, கூச்சமின்றி, நிறையப் பேசுதல். எழுத்தறியாத தாயும் இதனைச் செய்யலாம். 'இன்றைக்கு என்ன படித்தாய்?' என்று கேட்டால் 'ஒன்றுமில்லை' என்பதே விடையாக வரும். 'புத்தகத்தில் இந்தப் படத்தில் இருப்பவர் யார்? அவர் ஏன் ஓடுகிறார்? பிறகு என்ன நடந்தது?' என்று படத்தைக் காட்டிக் கேட்டால், பிள்ளை சிங்களத்திற் கற்றதைத் தமிழிற் சொல்ல முயலும். சொல்ல இயலுமாயிற் பாடம் விளங்கியது. இயலாதாயின் எங்கே விளங்கவில்லை என்பது தெரியவரும். வாசித்தல் விளங்குதலன்று என்னும் உண்மையை வெளிப்படுத்த இதனினும் எளிய சோதனை வேறில்லை.

இரண்டாவது, தமிழ் எழுத்தைக் கற்பித்தல். பாடசாலை செல்லுமுன்னரே முன்பள்ளியிலாயினும் பிள்ளைக்காம்பராவிலாயினும் இது தொடங்கப்பெறுமாயின் மிக நன்று. பின்னர்த் தொடங்குவோர் சிங்கள எழுத்துக்கென ஒரு கொப்பியும் தமிழுக்கென ஒரு கொப்பியும், இதற்கொரு வேளை அதற்கொரு வேளை என வகுத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். ஆயின் நாள் தவறலாகாது. ஞாயிறுதோறும் நடைபெறும் அறநெறிப் பாடசாலைகள் இவ்விடத்துப் பெருந்துணையாகும். சமயப் பாடத்தோடு, தமிழை வாசிக்கவும் எழுதவும் பழகும் ஒரேயிடமாகவும் அவை சில தோட்டங்களிற் பயன்படக்கூடும்.

மூன்றாவது, மௌனத்திற்கு அஞ்சாமை. புதுமொழி வகுப்பிற் புகுந்த குழந்தை சில கிழமைகளோ சில மாதங்களோ வாய்திறவாதிருத்தல் இயல்பு. அக்காலத்தில் அது செவியாற் கற்கின்றது. வற்புறுத்தினால் மௌனம் நீளும். வீட்டுக்கு வந்ததும் சோர்ந்து படுத்தலும், காரணமின்றி அழுதலும் நேரலாம். நாள் முழுதும் பிறமொழியைச் செவிமடுத்த களைப்பு அது. உணவும் ஓய்வும் தமிழிற் சிறிது பேச்சும் அதற்கு மருந்து. ஆயினும் வீட்டிலும் தன்மொழியிற் பேச்சுக் குன்றிய பிள்ளையை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

நான்காவது, மொழிக்கலப்பைக் கண்டு ஏளனஞ் செய்யாமை. ஒரே வாக்கியத்தில் இரு மொழியையும் கலந்து பேசுதல் இருமொழிப் பிள்ளைகளிடம் எங்கும் காணப்படுவது, அது குழப்பமன்று. 'அரைகுறைத் தமிழ்' என்று உறவினர் நகைத்தால் பிள்ளை தமிழ் பேசுவதையே விட்டுவிடும். நகையாது, அதே கருத்தை நல்ல தமிழில் நாம் திருப்பிச் சொன்னாற் போதும்.

அடுத்து ஆசிரியர் செய்யத்தக்கன. தமிழறியாச் சிங்கள ஆசிரியரும் செய்யத்தக்கன பல உள. பிள்ளையின் பெயரை அதன் வீட்டார் அழைக்குமாறே பிழையின்றி அழைத்தல் அவற்றுள் முதன்மையானது. பொருளையும் படத்தையும் காட்டிச் சொல்லை உணர்த்துதல், ஒரே கட்டளையை ஒரே சொற்களில் நாள்தோறும் கூறுதல், இருமொழி அறிந்த மாணவர் ஒருவரை அருகில் அமர்த்துதல், விடையை முதலில் தமிழிற் கூறவிட்டுப் பின்னர்ச் சிங்களத்திற் கூறச்செய்தல் என்பன செலவற்ற உதவிகள். தமிழ்ப் பிள்ளைகள் இருவர் தமக்குள் தமிழிற் பேசினால் அதனைக் குற்றமாகக் கொள்ளலாகாது. ஒருவர்க்கு விளங்காத பாடத்தை மற்றவர் விளக்குகின்றார் என்றே கொள்ளல் வேண்டும்.

கணித பாடத்திற் சிறப்பான கவனம் வேண்டும். பதினெட்டில் ஏழு போக மிச்சம் எவ்வளவு என்று இலக்கத்தில் எழுதிக் கொடுத்தாற் பிள்ளை பதினொன்று என உடனே விடை தருகின்றது. 'காலையில் அம்மா 18 கிலோ கொழுந்து எடுத்தாள். மாமி அதனினும் 7 கிலோ குறைவாக எடுத்தாள். மாமி எடுத்தது எவ்வளவு?' என்று சிங்களத்திற் கேட்டால் அதே பிள்ளை இருபத்தைந்து என்கின்றது. இப்பிழை கணக்கின் பிழையன்று. 'அதனினும் குறைவாக' என்னும் ஒப்புமைத் தொடரின் பிழை. அதே கணக்கைத் தமிழிற் சொல்லிப் பார்த்தால் உண்மை வெளிப்படும். இலக்கத்தைத் திரும்பத் திரும்பப் பயிற்றுவதாற் பயனில்லை. தொடரையே பயிற்றுதல் வேண்டும்.

பாடசாலைக்கும் வீட்டிற்கும் இடையேயுள்ள உறவும் இங்ஙனமே பேணத்தக்கது. சிங்களத்தில் வரும் அறிவித்தலை வாசிக்க இயலாத பெற்றோர், பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராகக் கொள்கின்றனர். தன் குறையைத் தானே பெற்றோர்க்கு எடுத்துரைக்க வேண்டிய நிலை குழந்தைக்கு ஏற்ற சுமையன்று. தோட்டத்திலுள்ள படித்த இளைஞர் ஒருவர் கிழமைக்கு ஒருமுறை அறிவித்தல்களைத் தமிழில் வாசித்துக் காட்டினால், பெற்றோர் கூட்டங்களில் உடனிருந்து பெயர்த்துரைத்தால், ஒரு தோட்டத்துப் பெற்றோர் பலரும் பயன்பெறுவர்.

பெற்றோர்க்கு ஓர் உலகியற் காரணமும் கூறலாம். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தாற் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2007ஆம் ஆண்டு முதல் அரசாங்க உத்தியோகத்தர் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறல் வேண்டும் என்ற ஏற்பாடு உளது. சிங்களப் பாடசாலையிற் கற்கும் பிள்ளையும் க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையில் இரண்டாம் மொழியாகத் தமிழைத் தெரிந்தெடுக்கலாம். சிங்களத்தை மட்டும் கற்றவர் பலர் உளர். இரு மொழியிலும் எழுதவும் பேசவும் வல்லவர் சிலரே. சிங்களத்தின்பொருட்டுத் தமிழைக் கைவிடும் பெற்றோர், தம் பிள்ளை பிறப்பிலேயே பெற்ற ஒரு சிறப்பைக் கைநழுவ விடுகின்றனர்.

இத்துணையும் கூறியமையாற் தமிழ்ப் பாடசாலை வேண்டா என்பது கருத்தன்று. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தேசிய மொழிகளுள் எதன் வாயிலாகவும் கல்வி பெறும் உரிமையை ஒவ்வொருவர்க்கும் அளித்துள்ளது. பலாங்கொடை, இறக்குவானை, தெஹியோவிற்ற முதலிய இடங்களிலுள்ள தமிழ் வித்தியாலயங்களை வளப்படுத்துதலும், கணித விஞ்ஞான ஆசிரியரை அங்கே நிலைபெறச் செய்தலும், தொலைவிலுள்ள பிள்ளைகளுக்குப் போக்குவரத்து வசதி அளித்தலும் முதற்கடமைகளே. அவை நிறைவேறும்வரை பிள்ளைகள் வளராது காத்திருக்கமாட்டார்கள். இன்று சிங்கள வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு இன்றே உதவி தேவை.

எம் கல்லூரியிற் பயின்றோர் பலர் ஆசிரியராய் நாட்டின் பல பாகங்களுக்கும் செல்கின்றனர். அவருள் எவரேனும் சப்பிரகமுவாவிற் பணிபுரிய நேருமாயின், தம் வகுப்பிலுள்ள பிள்ளைகளோடு, அயற் சிங்களப் பாடசாலையிற் கற்கும் தமிழ்ப் பிள்ளைகளையும் தம்முடையவராகக் கருதுவாராக. கிழமைக்கு ஒரு மாலைப்பொழுதில் நான்கு பிள்ளைகளைச் சேர்த்துத் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுப்பதும், அவர்தம் சிங்களப் புத்தகத்தைத் தமிழிற் பேசி விளக்குவதும் பெருஞ்செலவு வேண்டும் காரியங்கள் அல்ல. பெற்றோர் ஒருவர் வந்து, 'வீட்டில் எந்த மொழி பேசுவது, ஐயா?' என்று கேட்பாராயின், தயங்காது கூறத்தக்க விடை ஒன்றே: 'உங்களுக்கு எந்த மொழியிற் கதை சொல்ல வருமோ, அந்த மொழியிற் பேசுங்கள், அம்மா. சிங்களம் அதன்மேல் வளரும்.'